பேக்கரிப் பெட்டியைத் திறக்கும் முன்

அன்பு சாமு,

உன் அம்மா இந்தப் பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்தபடி மகர்பட்டா வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருப்பாள். நான் வரவில்லை என்றதும் ஏன் என்று கேட்டிருப்பாய், அவள் பதில் சொல்லியிருக்கமாட்டாள். என் பேத்தி ஹன்னா இந்நேரம் பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாள். அவளைத் தூக்கி அவள் அம்மா கவிதாவிடம் கொடுத்துவிட்டு, நீ மட்டும் உள் அறைக்குப் போய் இதைப் படி. படித்து முடிக்கும்வரை பெட்டியைத் திறக்காதே. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். ஞாயிறு பள்ளியில் வசனத்தை எழுத்துக்கூட்டிப் படித்த அதே வேகம்தான் இன்றைக்கும். பரவாயில்லை, மெதுவாகவே படி. இங்கிலீஷில் எழுதலாம் என்று முதலில் இரண்டு வரி எழுதிப் பார்த்தேன். ஆபீசுக்கு லீவு லெட்டர் எழுதியது மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன வாரம் நீ போனில் கேட்டாய்: "அப்பா, பரண்ல அந்த பேக்கரி இன்னும் இருக்கா? ஹன்னா பர்த்டேக்கு அத குடுங்களேன். பூட்டை உடைச்சிடுங்க, சாவிதான் தொலைஞ்சு போச்சே." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கியது. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகும் சாவி என்று சொல்ல வந்தால் உனக்குக் குரல் இறங்குகிறது. சரி என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பேக்கரி எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாம் தாபோடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கண்டோன்மென்ட் பக்கத்துப் பேக்கரிக்குக் கேக் மாவைக் கொண்டுபோவது நம் வீட்டு வழக்கம். நமக்கு மட்டுமா, அந்தப் பக்கம் இருந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாருக்கும்தான். வீட்டில் கலக்கிய மாவைத் தகர டின்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டைச் செருகி, பேக்கரி வாசலில் வரிசையில் நிற்போம். அவர்கள் விறகு அடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார்கள். உனக்கு அப்போது ஆறு வயது. நம் டின் அடுப்புக்குள் போனதும், நம் கேக்கை மற்றவர்கள் எடுத்துப் போய்விட்டால் என்ன செய்வது என்று அழ ஆரம்பித்துவிட்டாய். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே உன்னைத் தூக்கி அடுப்பின் வாயைக் காட்டினார். உள்ளே எத்தனை டின்! பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அதே பேச்சுதான். "அப்பா, நம்ம வீட்ல ஒரு சின்ன பேக்கரி வைக்கலாமா? நம்ம டின் மட்டும் போற மாதிரி?"

அப்படித்தான் தொடங்கியது. கல்லூரி நூலகத்தில் நான் பைண்டர். என் மேஜைக்கடியில் எப்போதும் அட்டைத் துண்டு, காலிகோத் துணி, நூல் எல்லாம் கிடக்கும். அட்டையைச் சில்லுச் சில்லாக வெட்டிக் காவி பூசி அடுப்புக்குச் செங்கல் அடுக்கினோம். ஐஸ் குச்சியைச் சீவி, அடுப்புக்குள் டின் தள்ளுகிற நீளத் துடுப்பு செய்தோம். ஊசி மருந்துக் குப்பிகள் பிஸ்கட் ஜாடிகள் ஆயின. காலிகோவில் மைதா மூட்டை தைத்தோம். மெல்லிய தாளை ஏழெட்டு மடிப்பாக ஒட்டி பிளேடால் அறுத்தால், அடுக்கடுக்காக உதிர்கிற அசல் காரி பிஸ்கட். பற்பசை டியூபை வெட்டிக் கேக் டின், கேக்கில் திராட்சைக்குப் பதில் கடுகு. பெயர்ச் சீட்டு எழுதுவது உன் வேலை. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, நகத்தளவு சீட்டில் 'சாமு' என்று எழுதுவாய். ஒரு டின்னில் மட்டும்தான் சீட்டு இருக்க வேண்டும் என்று பிடிவாதம். சில்லறை வேலை என்று ஆபீசில் கேலி செய்தார்கள். எனக்கோ சாயங்காலம் எப்போது வரும் என்றிருக்கும்.

கெட்டது என் பெருமையால்தான். முதலில் செய்த பன், பாவ் எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கரப்பான் தின்று தீர்த்துவிட்டது. மைதாவும் உப்பும் பசையும் பிசைந்து செய்தது, தின்னாமல் என்ன செய்யும்? பைண்டிங் பசையில் பூச்சி வராமல் இருக்க நாங்கள் மயில் துத்தம் கலப்போம். நீலப் பொடி, விஷம். புத்தகத்துக்குப் போடுகிற அளவு ஒன்று உண்டு. நான் பன் மாவில் அதைவிடக் கூடுதலாகவே போட்டேன், என் பேக்கரி நூறு வருஷம் இருக்க வேண்டும் என்று நினைப்பு. நீல நிறம் தெரியாமல் இருக்க மேலே தேயிலைச் சாயமும் வார்னிஷும் பூசினேன். பட்டாணி அளவு பன்கள், அடுப்பிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி பளபளவென்று இருந்தன. உன் அம்மாவுக்குப் பயம். "சின்னப் புள்ள இருக்க வீட்ல இதெல்லாம் எதுக்குங்க?" என்றாள். கண்ணாடிப் பெட்டி செய்து, பித்தளைப் பூட்டு போட்டு, சாவியைக் காலண்டர் ஆணியில் உயரமாக மாட்டினேன். என்னைத் தவிர யாரும் சாவியைத் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். உங்கள் இரண்டு பேரையும் நிறுத்திவைத்து, அதைத் தின்றால் செத்துப்போவீர்கள் என்றே சொல்லியிருந்தேன். உன் தங்கை ஜெபாவுக்கு நான்கு வயது. அவள் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்தான். உனக்கு ஒன்பது வயது. அம்மா மதியமே கேக் டின்களோடு பேக்கரிக்குப் போயிருந்தாள். ஜெபா தூங்கிக்கொண்டிருந்தாள், நீ உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாய். மூன்று மணிக்கு எங்கள் நூலக அதிகாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். பேக்கரியைப் பார்க்கத்தான் வந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து, பன் தட்டை அந்த அம்மாளின் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினேன். "ஏக்தம் அசல்!" என்று அதிகாரி நாலு தடவை சொன்னார். அவர்களை வழியனுப்ப மெயின் ரோடு வரை நடந்தேன். கூடப் போயிருக்கவே வேண்டாம், அவர்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இன்னும் ஒரு தடவை அசல் என்று சொல்லிக் கேட்க ஆசை. பஸ் வரும்வரை நின்றேன்.

திரும்பி வரும்போது நம் வாசலில் நீ ஜெபாவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நின்றாய். அவள் வாயெல்லாம் பச்சையும் நீலமுமாக நுரை. உன் சட்டையிலும் அதே கறை. "அப்பா, பன்ன தின்னுட்டாப்பா, வாந்தி எடுக்குறா" என்றாய். நான் அவளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ரிக்‌ஷாவில் நீ எப்போது ஏறினாய் என்றுகூட எனக்குத் தெரியாது. வழியில் அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மூன்றாவது தடவை எடுக்கச் சத்தில்லாமல் என் தோளில் சாய்ந்தாள். அந்தக் கனம் இன்னும் தோளில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது "க்யா காயா இஸ்னே?" என்றுதான். என்ன தின்றாள் என்பதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். நான் மைதா என்றேன். பசை என்றேன். பொம்மை பன் என்றேன். துத்தம் என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. சொன்னால் போலீஸ் வருமா, வேலை போகுமா, பெற்ற பிள்ளைக்கே விஷம் வைத்தவன் என்பார்களா என்று மனசு என்னென்னவோ கணக்குப் போட்டது. பிள்ளை கண்ணெதிரே கிடக்கும்போது எனக்கு என்னைப் பற்றிய பயம்தான் முன்னால் வந்து நின்றது. நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் திரும்பாததைப் பார்த்து, நீயே டாக்டரிடம் போனாய். உள்ளங்கையை விரித்து ஒரு பன்னைக் காட்டினாய். "அங்கிள், இஸ்மே நீலா பவுடர் ஹை. அப்பா டால்தே ஹைன்." அப்பா போடுகிற நீலப் பொடி இதில் இருக்கிறது என்று ஒன்பது வயதுப் பையன் சொன்னான். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம்தான் நான் அதன் பெயரைச் சொன்னேன். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். சரியான சமயத்தில் சொன்னீர்கள் என்று மறுநாள் டாக்டர் என் கையைப் பிடித்துச் சொன்னார். சொன்னது நான் இல்லை என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.

இனி எழுதப் போவதுதான் விஷயம். ஜெபாவை உள்ளே கொண்டுபோனதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கச் சட்டைப் பையில் கை விட்டேன். விரலில் சாவி தட்டியது. பெட்டியைத் திறந்தவன் நான், பூட்டாமல் போனவன் நான், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் பல்லிளித்துக்கொண்டு நின்றவனும் நான் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அதே நேரம் அம்மா வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் பேக்கரிக்கே போய்ச் சொல்லி அழைத்து வந்திருந்தார். கை முழுக்க மாவு. வந்ததும் அவள் கேட்டது, "பெட்டிய யாரு தெறந்தது?" என்றுதான்.

"நான் பூட்டித்தான் வச்சிருந்தேன்" என்றேன். கை பைக்குள்ளேயே இருந்தது. பிறகு உன்னைப் பார்த்தேன். "சாவிய எடுத்தியால?"

"நான் எடுக்கலப்பா."

"பின்ன அது தானா தெறந்துக்கிச்சா? சாவிய எங்கல வச்ச?"

நீ என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாய். அம்மா உன்னை அடிக்கவில்லை, அடித்திருந்தால்கூடத் தேவலை. உன்னை விட்டு ஒரு ஆள் தள்ளி, பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நீ நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாய். அந்த பெஞ்சில் வைத்தே நான் சொல்லியிருக்கலாம். ஜெபா பிழைக்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவளுக்கு நீர் சரியாகப் போகிறதா, சிறுநீரகம் கெட்டுவிட்டதா என்று பார்க்க இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மாற்றுத் துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்தபோது, முதல் வேலையாகப் பெட்டியின் பூட்டை அமுக்கிப் பூட்டினேன். திறந்து கிடந்த பூட்டைப் பார்த்தால் பேச்சு வளரும் என்று பயம். அந்த இரண்டு நாளும் நீ சாவியைத் தேடினாய். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினாய். அரிசி டப்பாவைக் கொட்டித் தேடினாய். ஸ்கூல் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாய். மூன்றாவது நாள் ஜெபாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம், அவள் பிஸ்கட் கேட்டாள், எல்லாருக்கும் உயிர் வந்தது. நீ மட்டும் என்னிடம் வந்து நின்றாய். "எடுத்தேனோ என்னமோப்பா... ஞாபகம் வரல. மன்னிச்சிக்கோங்க" என்றாய். செய்யாத தப்பைச் செய்ததாக ஒரு குழந்தையை நம்பவைக்க எனக்கு மூன்றே நாள் போதுமாக இருந்தது. நான் உன் தலையைத் தடவி, "சரி விடு, இனிமே கவனமா இரு" என்றேன். மன்னிக்கவும் செய்தேன், பார்.

சாவி அப்போதும் என்னிடம்தான் இருந்தது. பிறகு அதை ஆபீஸ் மேஜையில், ஊசி நூல் டப்பாவுக்குள் போட்டுவைத்தேன். ரிட்டயர் ஆகி டப்பாவைச் சாங்வி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதுவும் கூடவே வந்தது. தூக்கி எறிந்திருக்கலாம். எறிந்தால் அது நிஜமாகவே தொலைந்த சாவி ஆகிவிடும் என்று என்னவோ ஒரு தயக்கம். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உன் பத்தாவது முடியட்டும், காலேஜ் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். நீ பரணைப் பார்க்கவேயில்லை, நானும் பேக்கரிப் பேச்சை எடுக்கவில்லை. அது மறந்துபோய்விட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறக்கவில்லை என்று கவிதா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "மாமா, உங்க பையன் பண்றதக் கேளுங்க. கேஸ் அடுப்ப மூணு வாட்டி பாக்கறாரு, கதவ மூணு வாட்டி இழுத்துப் பாக்கறாரு. லிஃப்ட்ல கீழ வந்தப்புறம் மறுக்கா மேல போறாருங்க. நேத்து சினிமா பாதி போயிருச்சு. ஹன்னாவ என்கிட்ட விட்டுட்டுக் கடைக்குப் போகக்கூட பயப்படறாரு." நானும் சிரித்தேன். "சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தாம்மா" என்றும் சொன்னேன். போனை வைத்த பிறகுதான், அது பொய் என்று உறைத்தது. சின்ன வயதில் நீ பேனா மூடியைக்கூட மூடாமல் போகிற பிள்ளை. உன்னை அப்படி ஆக்கியது நான்.

இந்த வாரம் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி மேஜையில் வைத்தேன். சுத்தியலையும் எடுத்து வைத்துக்கொண்டேன். நீ சொன்னபடி பூட்டை உடைத்து அனுப்பிவிட்டால் சாவிப் பேச்சே வராது, நீயும் ஹன்னாவும் சந்தோஷமாக இருப்பீர்கள், நானும் நல்ல தாத்தாவாகச் செத்துப்போவேன். சுத்தியலை ஓங்கவும் செய்தேன். அப்போது கண்ணாடி வழியாக அடுப்பு வாசலில் அந்த டின் தெரிந்தது. 'சாமு' என்று நீ எழுதிய சீட்டு அப்படியே இருந்தது. என் துத்தத்துக்குப் பயந்து பூச்சி அதைத் தொடவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஊசி டப்பாவைத் திறந்தேன். சாவி போட்டதும் பூட்டு தகராறு செய்யாமல் திறந்துகொண்டது.

பழைய பன், பாவ், கேக் எல்லாவற்றையும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டேன். தட்டுகளையும் அலமாரிகளையும் இரண்டு தடவை துடைத்து, பெட்டி முழுவதும் புதுத் தாள் ஒட்டினேன். உன் டின்னை நன்றாகக் கழுவி, சீட்டை மட்டும் பிளாஸ்டிக்கில் வைத்து ஒட்டியிருக்கிறேன். நான்கு நாளாக உட்கார்ந்து புது பன்கள் செய்தேன். வெறும் மைதாவும் உப்பும்தான், வேறெதுவும் இல்லை. சில பன்கள் கோணலாக இருக்கும். கரப்பான் தின்றால் தின்னட்டும், மறுபடி செய்துகொள்ளலாம். ஆனாலும் ஹன்னா தொண்டைக்கு அவை சின்னவை, அவள் வளரும்வரை உயரத்திலேயே வை.

இன்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு, "சாவி எங்க?" என்றாள். மேஜையில் வைத்தேன். அதைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "எம்புள்ள அரிசி டப்பாவக் கொட்டித் தேடுனானே. அன்னைக்கு அரிசி சிந்துனதுக்கும் நான்தான அவன வஞ்சேன்" என்றாள். சாவியை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனவள் இதுவரை என்னிடம் பேசவில்லை. நாசிக்கில் இருக்கும் ஜெபாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணன்ட்ட சொல்லிட்டீங்களா?"

தகப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஹன்னா வளர்வாள், எதையாவது உடைப்பாள், என்றைக்காவது ஒருநாள் உன் ஈரக்குலையே நடுங்கும்படி ஏதாவது செய்வாள். அப்போது அவளைப் பார்த்து யார் செய்தது என்று கேட்பதற்கு முன்னால், உன் சட்டைப் பையில் ஒரு தடவை கை விட்டுப் பார். அவள் நான் இல்லை என்று சொன்னால், முதல் தடவையே நம்பு.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. என்னைப் பார்க்க வேண்டாம் என்று தோன்றினால் வராதே, எத்தனை நாள் ஆனாலும் சரி. ஹன்னா பிறந்தநாளுக்கு நீ கூப்பிட்டால்தான் வருவேன். இன்றைக்கு வாசலைப் பூட்டும்போது மட்டும், ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போ. நீ அன்றைக்கும் எதையும் திறந்து போட்டுவிட்டுப் போகவில்லை.

உறையின் அடியில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் இருக்கும், பிரித்துப் பார். நீ தேடிய சாவி அதுதான். இனிமேல் தேடாதே ஐயா.

அப்பா